கயாக்கில் தட்டைமீனும் கணவாயும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

விரிகுடாக்களிலும் கழிமுகங்களிலும் கயாக்கில் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகில்) தூண்டில் போடுவது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டைப் பற்றியவைதான். தட்டைமீன் என்று இங்கே சொல்வது ஃப்ளவுண்டரை. நாக்குமீன், மாந்தல் எல்லாம் அதற்கு உறவு. கணவாய் என்றால் ஊசிக்கணவாய்.

கேள்வி: காலை முழுக்க விரிகுடாவில் மிதந்தபடி தூண்டில் போட்டும் ஒரு தட்டைமீன்கூடத் தொடவில்லை. பக்கத்தில் விசைப்படகில் இருப்பவர்கள் அதே இரையில் பிடிக்கிறார்கள். எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் உங்கள் கயாக் போகும் வேகத்தில். தட்டைமீன் மணலிலோ சேற்றிலோ புதைந்து, கண்களை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு காத்திருக்கும் மீன். இரை தன் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குள் வந்தால் பாயும். ஒரு மீட்டர் மேலே போனால் பெரும்பாலும் விட்டுவிடும். கயாக் எடை குறைந்தது, காற்றுக்கு எளிதில் ஓடும். ஓடினால் நரம்பு (தூண்டில் இழை) சாய்ந்து, ஈயம் தரையை விட்டு எழும்பிவிடும். நீங்கள் தரையில் இழுப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், இரை நடுநீரில் பறந்துகொண்டிருக்கும்.

தேவையான வேகம் மணிக்கு 1 முதல் 2 கிலோமீட்டர். ஜிபிஎஸ் கருவியோ கைப்பேசியோ காட்டும். அது இல்லாவிட்டால் ஈயத்தைத் தரையில் இறக்கி, ரீலைத் திறந்துவிட்டு 10 விநாடி எண்ணுங்கள். அந்த நேரத்தில் 3 முதல் 6 மீட்டர் நரம்பு வெளியே போனால் வேகம் சரி. 8 மீட்டருக்கு மேல் போனால் கயாக் ஓடுகிறது. நரம்பு நீரில் நுழையும் கோணத்தையும் கவனியுங்கள். நேர்க்குத்திலிருந்து 45 பாகைக்கு மேல் சாய்ந்தால் ஈயத்தைக் கூட்ட வேண்டும், அல்லது கயாக்கை மெதுவாக்க வேண்டும். முதலில் மெதுவாக்கிப் பாருங்கள். ஈயத்தைக் கூட்டிக்கொண்டே போனால் மீன் தொடுவது கைக்குத் தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று. காற்று தள்ளும்போது கயாக் தானாகவே குறுக்காகத் திரும்பி நிற்கும். நரம்பைக் காற்று வரும் பக்கத்தில் இறக்குங்கள். எதிர்ப்பக்கம் இறக்கினால் கயாக் நரம்பின்மேல் ஏறிப்போகும், நரம்பு அடிப்பகுதியில் உரசும், சுக்கானில் சிக்கும்.

வேகம் போதாமல் போவதும் உண்டு. காற்றும் ஓட்டமும் இல்லாத நேரத்தில் ஒரே இடத்தில் நின்று இரையை ஆட்டுவது, வராத ஒரு மீனுக்காகக் காத்திருப்பதுதான். அப்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை துடுப்பு போட்டு நகருங்கள். அல்லது எட்ட வீசி, தரையோடு தத்தித் தத்தி இழுத்து வாருங்கள்.

கேள்வி: வேகத்தைக் குறைக்க டிரிஃப்ட் சாக் (நீரில் இழுபடும் துணிக்கூம்பு) வாங்கிக் கட்டினேன். சில நாள் நன்றாக வேலை செய்கிறது, சில நாள் கட்டினதும் கட்டாததும் ஒன்றுதான். ஏன்?

பதில்: அந்தத் துணிக்கூம்பு நீரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, தரையை அல்ல. காற்று உங்களை நீரின்மேல் தள்ளும்போது அது தடுக்கும். நீரே ஓடும் நாளில் கூம்பும் அந்த நீரோடு சேர்ந்தே போகும். உங்களுக்கு "சில நாள்" வேலை செய்யாதது காற்றில்லாமல் ஏற்றவற்ற ஓட்டம் மட்டும் இருந்த நாட்களாக இருக்கும்.

ஓட்டம் பலமாக இருந்தால் நேரத்தை மாற்றுவதுதான் நல்ல வழி. ஒரு நாளில் இரண்டு ஏற்றம் இரண்டு வற்றம் வரும் கடலில், ஒரு வற்றத்தின் சுமார் 6 மணி நேரத்தைப் பன்னிரண்டு பங்காகக் கணக்கிடுவார்கள்: முதல் மணியில் 1 பங்கு நீர் இறங்கும், இரண்டாவதில் 2, மூன்றாவது நான்காவதில் மூன்று மூன்று, பிறகு 2, கடைசியில் 1. நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதி நீர் ஓடிவிடுகிறது. கயாக்குக்கு முதல் இரண்டு மணியும் கடைசி இரண்டு மணியும்தான் பொருந்தும். விரிகுடாவின் வாய் குறுகலாக இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நீர்மட்டம் உச்சம் தொட்ட பிறகும் வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கும்.

வேறு வழி, தரையில் இழுபடும் சங்கிலி. ஒன்று முதல் ஒன்றரை கிலோ சங்கிலியைப் பழைய சைக்கிள் டியூபுக்குள் திணித்து, கயாக்கின் முனையிலிருந்து இழுத்துச் செல்லலாம். வெறும் மணலில் மட்டும். கடற்புல் படுகையில் இழுத்தால் புல்லை வேரோடு பிடுங்கும். கணவாய் முட்டையிடும் இடமே அதுதான்.

கூம்பின் அளவு: கயாக்குக்கு வாய் விட்டம் 45 முதல் 60 சென்டிமீட்டர் போதும். நுனியில் ஒரு மெல்லிய கயிறும் சின்ன மிதவையும் கட்டுங்கள். அதைப் பிடித்து இழுத்தால் கூம்பு தலைகீழாகி, நீர் கொட்டி, சுலபமாக மேலே வரும். வாய்ப்பக்கமாக இழுக்கப் பார்த்தால் ஒரு தொட்டி நீரைத் தூக்குவது போல இருக்கும்.

கேள்வி: நங்கூரத்தை இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள கொக்கியில் கட்டலாமா? அதுதான் கைக்கு எட்டுகிறது.

பதில்: கட்டவே கூடாது. பக்கவாட்டில் கட்டினால் ஓட்டம் கயாக்கின் முழு நீளத்திலும் மோதும். கயிறு ஒரு விளிம்பைக் கீழே இழுக்கும், கவிழ்வதற்குச் சில விநாடி போதும். நங்கூரக் கயிறு எப்போதும் முன்முனையிலிருந்தோ பின்முனையிலிருந்தோதான் போக வேண்டும்.

கைக்கு எட்டவில்லை என்ற சிக்கலுக்கு நங்கூர டிராலி இருக்கிறது. கயாக்கின் ஒரு பக்கம் முன்னும் பின்னும் ஒவ்வொரு சின்னக் கப்பி, அவற்றின் வழியே ஒரு வளையக் கயிறு, அந்தக் கயிற்றில் ஒரு வளையம், இருக்கைக்கு அருகே கயிற்றை நிறுத்த ஒரு கட்டை. நங்கூரக் கயிற்றை வளையத்தில் மாட்டி, உட்கார்ந்தபடியே முனைவரை இழுத்து அனுப்பலாம். ஒன்றரை கிலோ மடக்கு நங்கூரம், அதோடு முக்கால் மீட்டர் சங்கிலி. கயிறு ஆழத்தைப் போல 5 முதல் 7 மடங்கு, அதாவது 5 மீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 35 மீட்டர். கயிற்றின் கயாக் முனையில் ஒரு மிதவையும் கொக்கியும் இருக்கட்டும். பெரிய மீன் இழுத்தாலோ படகு வந்தாலோ கழற்றி விட்டுவிட்டுப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். கத்தி ஒன்று கைக்கு எட்டும் இடத்தில்.

பாறையில் சிக்கும் என்று பயந்தால், சங்கிலியை நங்கூரத்தின் அடிவளையத்தில் பூட்டி, தண்டோடு மேலே கொண்டுவந்து, மேல்வளையத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டையால் மட்டும் கட்டுங்கள். சிக்கினால் வலுவாக இழுக்கும்போது டை அறுந்து, நங்கூரம் பின்பக்கமாக உருவிக்கொண்டு வரும்.

கேள்வி: தட்டைமீனுக்கு முள், ஈயம், நரம்பு எல்லாம் எந்த அளவு? கணவாய்த் துண்டை எப்படி வெட்டுவது?

பதில்: முதலில் உங்கள் கடலில் இருப்பது பெரிய வாய் வகையா, சின்ன வாய் வகையா என்று பாருங்கள். பெரிய வாயும் பல்லும் உள்ளவை சிறுமீனையும் கணவாயையும் துரத்திப் பிடிப்பவை. அவற்றுக்கு 2/0 முதல் 4/0 வரை அகன்ற வளைவுள்ள முள். சின்ன வாய் வகைகள் புழு, சிப்பிச் சதை தின்பவை. அவற்றுக்கு 6 அல்லது 8 எண் நீளத்தண்டு முள்ளும் புழுவும். (எண்ணுக்குப் பின்னால் /0 இருந்தால் எண் கூடக்கூட முள் பெரிது. /0 இல்லாவிட்டால் எண் கூடக்கூடச் சிறிது. கடையில் பலர் தடுமாறும் இடம் இது.)

பெரிய வாய் வகைக்கு நம்பகமான கட்டு: 5 முதல் 7 கிலோ தாங்கும் பின்னல் நூல், அதன் முனையில் மூவழிச் சுவிவல் (சுழலும் இணைப்பு வளையம்). ஒரு வழியில் 15 சென்டிமீட்டர் நரம்பும் ஈயமும். இந்தத் துண்டு மற்றவற்றைவிட வலு குறைந்ததாக இருக்கட்டும், கல்லில் மாட்டினால் ஈயம் மட்டும் போகும். மூன்றாவது வழியில் 8 கிலோ தாங்கும் ஃப்ளோரோகார்பன் லீடர் (முள்ளுக்கு முன் கட்டும் தெளிந்த நரம்பு) 60 சென்டிமீட்டர், முனையில் முள். படகில் 90 சென்டிமீட்டர் கட்டுவார்கள். தாழ உட்கார்ந்திருக்கும் கயாக்கில் அவ்வளவு நீளம் வைத்தால் சுவிவல் ராடு (தூண்டில் கோல்) முனையில் முட்டி நின்றுவிடும், மீன் கைவலைக்கு எட்டாது. ஈயம் 3, 4 மீட்டர் ஆழத்தில் 10 முதல் 15 கிராம், 7, 8 மீட்டரில் 20 முதல் 30 கிராம் என்று தொடங்குங்கள்.

துண்டு வெட்டுவதில்தான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள். கணவாயின் உடல்கூட்டை நீளவாக்கில் பிளந்து விரித்து, உள்ளே இருக்கும் ஊசியையும் குடலையும் எடுத்துவிட்டு, தோலோடு வெட்டுங்கள். நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர், தலைப்பக்கம் அகலம் ஒன்றரை சென்டிமீட்டர், வால்பக்கம் கூராகக் குறுகிக்கொண்டே போக வேண்டும். வால்நுனியை 3 சென்டிமீட்டர் பிளந்தால் இரண்டு கால் போல ஆடும். அகன்ற முனையில், ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே, சரியாக நடுவில், ஒரே ஒரு தடவை முள்ளைக் குத்துங்கள். இரண்டு மூன்று தடவை கோத்தால் துண்டு சுருண்டு காற்றாடி போலச் சுற்றும், லீடர் முறுக்கேறும், மீனும் அதைத் தொடாது. இறக்குவதற்கு முன் கயாக்கின் பக்கத்திலேயே நீரில் இழுத்துப் பாருங்கள். சுற்றினால் ஓரத்தைச் செதுக்கிச் சமன் செய்யுங்கள். ஒரு மணி நேரம் ஊறி வெளுத்துப்போன துண்டைத் தூக்கி எறிய யோசிக்காதீர்கள்.

கேள்வி: மீன் தொடுவது டொக் டொக் என்று தெரிகிறது, சட்டென்று இழுத்தால் இரையின் பாதித் துண்டுதான் வருகிறது.

பதில்: தட்டைமீன் பின்னாலிருந்து வால்பக்கத்தை முதலில் கவ்வும், பிறகுதான் உள்ளே இழுக்கும். துண்டிரை போட்டிருந்தால், கனம் தெரிந்ததும் ராடு முனையை மீனை நோக்கித் தாழ்த்தி இரண்டு மூன்று விநாடி இடம் கொடுங்கள். நரம்பு மறுபடி இறுகிக் கனம் நிலையாக நின்றதும், சட்டென்று இழுக்காமல், நிதானமாக உயர்த்துங்கள். ஜிக்கிலோ (சுண்டி ஆட்டும் போலி இரை) ரப்பர் மீனிலோ பிடிக்கும்போது இந்தப் பொறுமை வேண்டாம். வாயில் வைத்ததும் போலி என்று தெரிந்து துப்பிவிடும், உடனே இழுக்க வேண்டும். பாதித் துண்டு வருவது தொடர்ந்தால் துண்டை 7 சென்டிமீட்டராகக் குறையுங்கள்.

கேள்வி: கயாக்கின் பக்கம்வரை வந்த மீன் கடைசி நொடியில் கழன்று போகிறது.

பதில்: தலையை நீருக்கு மேலே தூக்குகிறீர்கள். தலை வெளியே வந்ததும் தட்டைமீன் உடம்பை மடக்கி அடித்துக்கொள்ளும், முள் கழன்றுவிடும். கைவலையை முதலில் நீருக்குள் இறக்கி வைத்துவிட்டு, மீனை நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழேயே தலை முன்னாக வலைக்குள் கொண்டுவாருங்கள். வலையால் மீனைத் துரத்தக் கூடாது. பிடித்த பிறகு வலையோடு மடியில் போட்டுக்கொள்ளாதீர்கள். துள்ளும் மீனும் கூரான முள்ளும் தொடைக்கு நடுவே இருப்பது நல்ல சேர்க்கை இல்லை. பக்கவாட்டில் வலையைப் பிடித்தபடியே தலையில் தட்டி அடக்கி, பிறகு உள்ளே எடுங்கள். கைவலை ரப்பர் பின்னலாக இருந்தால் முள் சிக்காது. சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய குறைந்த அளவு இடத்துக்கு இடம், இனத்துக்கு இனம் மாறும். அளவுகோலைக் கயாக்கின் மேல்தளத்திலேயே ஒட்டிவைத்தால் சின்ன மீன் உடனே நீருக்குத் திரும்பிவிடும்.

கேள்வி: மீன்காட்டும் கருவியில் தட்டைமீன் தெரியுமா?

பதில்: தெரியாது. கருவிக்கு எதிரொலி கொடுப்பது பெரும்பாலும் மீனின் காற்றுப்பை. வளர்ந்த தட்டைமீனுக்குக் காற்றுப்பையே கிடையாது, தரையோடு ஒட்டியும் கிடக்கிறது. கருவியை வேறு வேலைக்கு வையுங்கள்: அரை மீட்டர், ஒரு மீட்டர் சரிவு எங்கே இருக்கிறது, மணல் எங்கே முடிந்து சேறு தொடங்குகிறது என்று பார்க்க. வற்றத்தில் சிறு வாய்க்கால்கள் விரிகுடாவில் விழும் இடங்களில், சரிவின் அடியில், ஓட்டத்தைப் பார்த்தபடி மீன் கிடக்கும். ஒன்று கிடைத்தால் இடத்தைக் குறித்துக்கொண்டு, சுற்றிப் போய் அதே கோட்டில் திரும்ப மிதந்து வாருங்கள். நல்ல சரிவில் ஒன்று மட்டும் கிடப்பது அபூர்வம்.

கேள்வி: கணவாய் ஜிக்கில் 2.5, 3.0, 3.5 என்று போட்டிருப்பது என்ன? கயாக்குக்கு எது சரி?

பதில்: இறால் வடிவில் துணி சுற்றிய இந்த ஜிக் ஜப்பானில் பிறந்தது, அங்கே அதற்கு எகி என்று பெயர். எண்ணும் அங்குள்ள பழைய நீள அளவான சுன். ஒரு சுன் சுமார் 3 சென்டிமீட்டர். ஆக 2.5 என்பது ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர், 3.0 என்பது 9, 3.5 என்பது 10.5. எடை முறையே சுமார் 10, 15, 20 கிராம். கயாக்கில் 3.0, 3.5 இரண்டும் இருந்தால் போதும்.

எண்ணைவிட முக்கியம், அது இறங்கும் வேகம். சாதாரண 3.5 ஜிக் ஒரு மீட்டர் இறங்க 3 முதல் 3.5 விநாடி எடுக்கும். ஆழமில்லாத நீருக்கென்று செய்தது அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு நேரம் எடுக்கும். கணவாய் பெரும்பாலும் ஜிக் இறங்கும்போதுதான் பிடிக்கிறது, அதனால் மெதுவாக இறங்குவது நல்லது. ஆனால் தரைக்கு அருகே போகாமல் இறங்கிப் பயனில்லை. 4 மீட்டர் ஆழத்தில், கடற்புல்லின் மேல், 12 வரை எண்ணிவிட்டுச் சுண்டத் தொடங்குங்கள். 14 எண்ணினால் புல்லில் உட்கார்ந்துவிடும்.

இதுவும் கயாக் நிற்கும்போது உள்ள கணக்குதான். கயாக் ஓடினால் நரம்பு ஜிக்கை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும், உங்கள் எண்ணிக்கை பொய்யாகும். தட்டைமீனுக்குச் சொன்ன அதே வேகக் கட்டுப்பாடு இங்கேயும் வேண்டும், இன்னும் மெதுவாக. முடியாவிட்டால் ஜிக்கின் மூக்கில் மாட்டும் 10 அல்லது 20 கிராம் தொப்பி ஈயத்தைச் சேர்த்து, அடுத்த பதிலில் சொல்லும் முறைக்கு மாறுங்கள்.

கேள்வி: காணொளிகளில் நின்றுகொண்டு ராடை இரண்டு தடவை மேலே வீசிச் சுண்டுகிறார்கள். கயாக்கில் உட்கார்ந்து அதைச் செய்ய முடியவில்லை.

பதில்: செய்யத் தேவையும் இல்லை. 2.1 முதல் 2.3 மீட்டர் ராடை எடுத்து, மேலே வீசாமல் பக்கவாட்டில், மணிக்கட்டால் சுண்டுங்கள். இரண்டு சுண்டு, பிறகு ராடை ஜிக்கை நோக்கித் தாழ்த்தி, தளர்ந்த நரம்பை மட்டும் சுற்றி எடுத்து, இறங்க விடுங்கள்.

மிதந்து போகும்போது இன்னொரு முறை சுலபம். கனமான ஜிக்கைத் தரைவரை இறக்குங்கள். ஐந்தாறு தடவை வேகமாகச் சுண்டியபடி சுற்றுங்கள். ராடை அப்படியே அசையாமல் பிடித்து 5 முதல் 10 விநாடி நிறுத்துங்கள். கயாக்கின் இழுப்பில் ஜிக் ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருக்கும், ராடு முனை லேசாக வளைந்திருக்கும். அந்த முனை திடீரென்று நிமிர்ந்தாலோ கூடுதலாக வளைந்தாலோ கணவாய் தொட்டுவிட்டது, உடனே உயர்த்துங்கள். நிமிர்வதைப் பலர் கவனிப்பதில்லை. கணவாய் ஜிக்கைப் பிடித்துக்கொண்டு உங்களை நோக்கி வந்தால் நரம்பு தளர்ந்து முனை நிமிரும்.

கேள்வி: மாட்டிய கணவாய் பாதி வழியில் விட்டுவிடுகிறது.

பதில்: ஜிக்கின் ஊசிக் கொத்தில் திரும்பு முள் கிடையாது. நரம்பு ஒரு நொடி தளர்ந்தால் கழன்றுவிடும். ராடைத் தூக்கி, தாழ்த்தி, சுற்றும் பழக்கத்தை விட்டு, ராடு வளைந்தபடியே சீராகச் சுற்றுங்கள். டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை நழுவவிடும் ரீலின் பிடிமானம்) இறுக்கமாக இருந்தாலும் போய்விடும். நீள்கை ஒன்றில் மட்டும் ஊசி ஏறியிருந்தால் அது கிழிந்து வரும். அளவு வைக்க ஒரு எளிய வழி: அரை லிட்டர் நீர் நிறைந்த பாட்டிலை நரம்பில் கட்டி ராடால் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும் நேரத்தில் டிராக் நழுவ வேண்டும்.

கேள்வி: எந்த நிற ஜிக்?

பதில்: பெரும்பாலான கணவாய் இனங்களின் கண்ணில் ஒரே ஒரு ஒளிநிறமிதான். நிறத்தை நாம் பார்ப்பது போல அவை பார்ப்பதில்லை. வெளிச்ச வேறுபாட்டையும், நமக்குத் தெரியாத முனைவாக்கப்பட்ட ஒளியையும் நன்றாகப் பார்க்கும். தெளிந்த நீரில் வெயில் நேரத்துக்குப் பழுப்பு, பச்சை ஒன்று. விடியலுக்கும் லேசான கலங்கலுக்கும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு ஒன்று. பெட்டி நிறைய நிறம் வாங்குவதைவிட, ஒரே நிறத்தில் இரண்டு இறங்கு வேகம் வைத்திருப்பது மேல். கணவாய் தொடாவிட்டால் முதலில் இறங்கு வேகத்தை மாற்றுங்கள், பிறகு அளவை, கடைசியில் நிறத்தை.

கேள்வி: பெருமழைக்குப் பிறகு கணவாயே இல்லை.

பதில்: இருக்காது. நன்னீர் கலந்து உப்பு குறைந்தால் கணவாய்க்குத் தாங்காது. விரிகுடாவின் வாய்ப்பக்கம், ஆழமான உப்புநீருக்குப் போய்விடும். கலங்கல் தெளியும்வரை அங்கே தேடுங்கள், அல்லது அந்த நாட்களைத் தட்டைமீனுக்குக் கொடுங்கள். பல தட்டைமீன் இனங்கள் உப்புக் குறைவைத் தாங்கும். சில ஆற்றுக்குள்ளேயே ஏறிப்போகும்.

கேள்வி: ஒவ்வொரு கணவாய்க்கும் முகத்திலும் கயாக்கிலும் மை. தப்ப வழி உண்டா?

பதில்: உள்ளே எடுக்க அவசரப்படாதீர்கள். ஒரு துடுப்பு தூரத்தில் நீரிலேயே 10, 15 விநாடி பிடித்து வையுங்கள், கைவலை விளிம்பால் லேசாகத் தொடுங்கள். மையையும் நீரையும் அங்கேயே பீய்ச்சி முடிக்கும். பிறகு உடல்கூட்டை முதுகுப் பக்கத்திலிருந்து பிடியுங்கள். மை வரும் குழல் தலைக்குக் கீழே, வயிற்றுப் பக்கம் இருக்கிறது. அது உங்களையும் பக்கத்துக் கயாக்கையும் பார்க்காமல் திருப்பி வைத்தால் போதும். பட்டுவிட்டால் உடனே கடல்நீரால் கழுவுங்கள். காய்ந்தால் துணியில் நிரந்தரம்.

உடனே கொல்வது கணவாய்க்கும் நல்லது, சதைக்கும் நல்லது. கூரான கம்பியை இரு கண்களுக்கும் நடுவே முதுகுப் பக்கத்திலிருந்து, உடலை நோக்கிச் சாய்த்துக் குத்தினால் உடல் சட்டென்று வெளுக்கும். கம்பியைக் கைகளின் பக்கம் திருப்பிக் குத்தினால் தலையும் கைகளும் வெளுக்கும். இரண்டும் வெளுத்தால் வேலை சரியாக முடிந்தது. ஒவ்வொன்றையும் பையில் போட்டு மூடி ஐஸின்மேல் வையுங்கள். ஐஸ் உருகிய நன்னீரில் ஊறினால் தோல் நிறம் போய் சதை கொழகொழத்துவிடும்.

கேள்வி: ஒரே பயணத்தில் இரண்டுக்கும் போகலாமா? எது முதலில்?

பதில்: கணவாய் முதலில். விடியலின் மங்கல் வெளிச்சத்தில், 2 முதல் 6 மீட்டர் ஆழத்தில், கடற்புல்லுக்கு நடுவே மணல் திட்டுகள் இருக்கும் இடம். வெயில் ஏறியதும் அங்கே கணவாய் தொடுவது குறையும். அதற்குள் கையில் புது இரை இருக்கும். ஓட்டம் தொடங்கும்போது சரிவுகளுக்கு நகர்ந்து தட்டைமீனுக்கு மாறுங்கள். ராடு இரண்டு போதும். மூன்றாவது ராடு கயாக்கில் சிக்கலை மட்டுமே பிடிக்கும்.

கேள்வி: கரையோரம் குளம் போல இருந்தது, 1 கிலோமீட்டர் போனபின் திரும்ப முடியாமல் தவிக்க வேண்டியிருந்தது. முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அப்படித்தான் ஏமாற்றும். கரையில் மரமும் மேடும் மறைப்பதால் நீர் அமைதியாகத் தெரியும். போகப் போகக் காற்று முழுதாகப் பிடிக்கும், அலையும் வளரும். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும்: 10 கிலோமீட்டர் காற்று 20 ஆனால் விசை நான்கு மடங்கு. அமைதியான நீரில் மீன்பிடிக் கயாக்கைச் சாதாரணமாகத் துடுப்பு போடும் வேகமே மணிக்கு 5 கிலோமீட்டர் அளவுதான். எதிரோட்டம் 3 கிலோமீட்டர் இருந்தால் உங்களுக்கு மிஞ்சுவது 2.

அதனால் புறப்படும்போதே காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். கரையிலிருந்து வெளியே வீசும் காற்று 15 கிலோமீட்டர் என்று முன்னறிவிப்பு இருந்தால் புதியவர்கள் இறங்கவே வேண்டாம். காற்றும் ஓட்டமும் எதிரெதிராக இருக்கும் வேளையையும் பாருங்கள். கயாக் ஒரே இடத்தில் நிற்பது தூண்டிலுக்கு வசதியாகத் தோன்றும், ஆனால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான்.

கவிழ்ந்தால் ஏறத் தெரியாதவர் ஆழத்துக்குப் போகக் கூடாது. மேலே உட்காரும் வகைக் கயாக்குக்கு முறை இது: அடிப்பகுதிமேல் எட்டி மறுவிளிம்பைப் பிடித்து, உங்கள் பக்கம் இழுத்து நிமிர்த்துங்கள். இருக்கைக்கு நேராக நின்று, கால்களை நீர்ப்பரப்பில் நீட்டி உதைத்தபடி வயிறு குறுக்காகப் படியும்வரை ஏறுங்கள். மல்லாந்து புட்டத்தை இருக்கையில் வைத்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். எழுந்து உட்கார அவசரப்பட்டால் மறுபடி கவிழும். இடுப்பளவு நீரில், மீன்பிடி உடையோடு, பத்துத் தடவை பழகுங்கள். மிதவை அங்கியை இருக்கைக்குப் பின்னால் கட்டிவைத்தால் அது சுமை மட்டுமே, உடம்பில் இருக்க வேண்டும். குளிர்நீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சைச் சீராக்குவதற்கு, அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். உடையைக் காற்றின் வெப்பத்துக்கு அல்ல, நீரின் வெப்பத்துக்கு ஏற்ப அணியுங்கள். விசில் அங்கியில், கைப்பேசி நீர்புகாப் பையில். விஎச்எஃப் ரேடியோ இருந்தால் அவசர அழைப்புக்கு அலைவரிசை 16.

கேள்வி: இரவில் விளக்கு வைத்துக் கணவாய் பிடிக்கலாமா?

பதில்: பிடிக்கலாம். விளக்குக்குச் சிறுமீன் கூடும், கணவாய் வெளிச்சமும் இருட்டும் சேரும் ஓரத்தில் நின்று பாயும். ஜிக்கை விளக்கின் நடுவில் போடாமல் அந்த ஓரத்தில் இறக்குங்கள். மற்றவர் உங்களைப் பார்ப்பது தனி விஷயம். துடுப்பால் ஓடும் கலம், மோதலைத் தவிர்க்கப் போதிய நேரத்துக்கு முன் காட்ட ஒரு வெள்ளை விளக்காவது தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல்விதி. தலைக்கு மேலே எல்லாப் பக்கமும் தெரியும் விளக்கை எரியவிட்டே இருப்பது இன்னும் நல்லது. கப்பல் வாய்க்காலில் இரவில் நிற்க வேண்டாம்.

கேள்வி: காற்றடைத்த கயாக்கில் இதெல்லாம் செய்யலாமா?

பதில்: செய்யலாம். உயரமும் எடைக் குறைவும் சேர்ந்து காற்றுக்கு அதிகம் ஓடும், ஆகவே துணிக்கூம்பு பெரிதாக, 60 சென்டிமீட்டர். ஜிக்குகளுக்கு உறை, நங்கூரத்துக்கு வாளி, மடியில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பு கட்டாயம்.

கேள்வி: இரண்டே பயணத்தில் ஜிக் ஊசிகள் துருப்பிடித்துவிட்டன.

பதில்: ஈரத்தோடு பெட்டியில் மூடியிருப்பீர்கள். ஒரு ஈர ஜிக் பெட்டி முழுவதையும் கெடுக்கும். பயன்படுத்தியவற்றைத் தனி டப்பாவில் போட்டு, வந்ததும் நன்னீரில் 10 நிமிடம் ஊறவைத்து, நிழலில் முழுதாகக் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் துணியின் பசை இளகும். வளைந்த ஊசிகளைக் குறடால் நிமிர்த்தலாம், ஒன்றிரண்டு தடவைக்கு மேல் முறிந்துவிடும். ரீலைக் கழுவும்போது டிராக்கை இறுக்கி வைத்து, குழாய் நீரை மெதுவாகத் தெளியுங்கள். பாய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே தள்ளப்படும். காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.